பரமபதம் முதல் சதுரங்கம் வரை

உலகத்தில் கஷ்டங்களுக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. அரிசி விலை, வீட்டு வாடகை, பெண்ணின் கல்யாணம், பையனின் பரீட்சை என்று அவை வரிசையாக வந்து வாசலில் நிற்கின்றன. இவை போதாவென்று தரையில் தானே கட்டம் வரைந்து, தானே சட்டம் வகுத்து, அந்தக் கட்டத்துக்குள் போய் அகப்பட்டுக்கொண்டு தவிக்கும் பிராணி மனிதன் ஒருவன்தான். தாயம் விழவில்லையே என்று அவன் படும் வேதனை கொஞ்சமா? காய் வெட்டுப்பட்டதென்று அவன் விடும் பெருமூச்சு கொஞ்சமா? ஆனாலும் ஆட்டம் முடிந்ததும், "இன்னும் ஓர் ஆட்டம் போடலாமா?" என்று கேட்பவனும் அவனே. இந்த விந்தையைப் பற்றிச் சிறிது யோசித்துப் பார்ப்போம்.

இது நேற்று வந்த பழக்கமன்று. ஈராக் தேசத்தில் ஊர் என்ற பழைய நகரத்தின் கல்லறைகளை 1920-க்குப் பிந்திய ஆண்டுகளில் லியோனார்டு வூலி என்ற ஆங்கில அறிஞர் தோண்டிப் பார்த்தார். சிப்பியும் நீலக்கல்லும் பதித்த ஆட்டப் பலகைகள் அங்கே கிடைத்தன. அவற்றின் வயது ஏறக்குறைய 4,500 ஆண்டுகள். 1922-ல் எகிப்தில் டூட்டன்காமன் என்ற இளவயது மன்னனின் சமாதியைத் திறந்தபோது, பொன்னோடும் மணியோடும் ஆட்டப் பலகைகளும் இருந்தன. மறு உலகத்திலும் ராஜாவுக்குப் பொழுது போக வேண்டுமே என்று கவலைப்பட்டார்கள் போலும்! நம்முடைய வைகைக் கரையிலே, கீழடியில் நடந்த அகழ்வாராய்ச்சியிலும் சுடுமண்ணால் செய்த ஆட்டக்காய்களும் பகடைகளும் வெளிவந்தன. அரண்மனையானாலும் சரி, ஓட்டு வீடானாலும் சரி, மனிதன் குடியிருந்த இடத்தில் காயும் குடியிருந்தது என்பதில் சந்தேகமில்லை.

நம் வீடுகளில் வழிவழியாக ஆடிவந்த ஆட்டங்கள் பல. அவற்றுள் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். அதிர்ஷ்டம் மிகுந்த ஆட்டத்தில் தொடங்கி, அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லாத ஆட்டம் வரையில் அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஓர் உண்மை தானாகவே புலப்படும்.

பரமபதம்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்கென்று பெரியவர்கள் கண்ட உபாயம் பரமபத சோபானம். கீழே பூலோகம், உச்சியிலே வைகுண்டம். நற்குணங்களெல்லாம் ஏணி, துர்க்குணங்களெல்லாம் பாம்பு. பழைய பலகைகள் பலவற்றில் ஏணிகளைவிடப் பாம்புகளே அதிகம். கடைத்தேறுவது சுலபமல்ல என்பதைப் பிரசங்கம் எதுவும் செய்யாமலே அந்தப் படம் சொல்லிவிடுகிறது.

இந்த ஆட்டத்தில் ஆடுகிறவருடைய சாமர்த்தியத்துக்கு அணுவளவும் இடமில்லை. விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்த வேண்டியதுதான். வேதாந்தம் படித்த தாத்தாவைப் பாம்பு கடித்து அடிக்கட்டத்துக்கு இறக்குகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாத பேத்தி ஏணி மேல் ஏணியாக ஏறிப் போகிறாள். "தாத்தா, நான் வைகுண்டம் போய்விட்டேன், நீங்கள் இன்னும் நரகத்தில் இருக்கிறீர்களே!" என்று அந்தக் குழந்தை கை கொட்டிச் சிரிக்கும்போது, அவர் முகத்திலும் ஓர் ஆனந்தம் தோன்றுகிறதே, அதற்கு விலை உண்டா?

இந்தியாவிலிருந்து இந்த ஆட்டம் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. அங்கே வைகுண்டமும் நரகமும் கழன்று விழுந்தன. பாம்பும் ஏணியும் மட்டும் மிஞ்சின. 1943-ல் அமெரிக்கக் கம்பெனி ஒன்று பாம்பையும் எடுத்துவிட்டு, குழந்தைகள் சறுக்கி விளையாடும் சறுக்குமரத்தை அந்த இடத்தில் போட்டது. வெளிதேசம் போனவர்கள் குடுமியை எடுத்துவிடுவதில்லையா, அப்படித்தான்.

தாயம்

தாயத்திலும் எண் விழுவது நம் கையில் இல்லை. ஆனால் விழுந்த எண்ணுக்கு எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில் இருக்கிறது. விதி பாதி, மதி பாதி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்காவது வெறுமை. இரண்டையும் உருட்டினால் அவை 16 விதமாக விழக்கூடும். ஒன்றில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறுமையும் விழுந்தால்தான் தாயம். அது 16-ல் 2 விதமே. அதாவது சராசரியில் எட்டு உருட்டலுக்கு ஒரு தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு; அது 16-ல் ஒரே ஒரு விதம். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய நான்குக்கும் மறுபடி உருட்டும் உரிமை உண்டென்று முன்னோர் வகுத்தார்கள். கணக்குப் பார்த்தால் இவை நான்கும் சேர்ந்து 16-ல் 6 விதம். மற்ற இரண்டு, மூன்று, நான்கு ஆகியவை சாதாரணமாக அடிக்கடி விழுபவை. எது அரிதோ அதற்குச் சன்மானம் என்ற நியதியை, கணித சாஸ்திரத்தின் பெயரைக் கேட்டிராதவர்கள் எவ்வளவு நேர்த்தியாக அமைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

எட்டுக்கு ஒன்று என்று சொன்னோமல்லவா? அதற்காக எட்டு முறை உருட்டினால் தாயம் வந்தே தீரும் என்று யாரும் நம்ப வேண்டாம். எட்டு முறையும் வராமல் போவது மூன்று தடவைக்கு ஒரு தடவை என்ற அளவில் நடக்கக் கூடியதே. "எனக்கு மட்டும் ஏன் விழமாட்டேன் என்கிறது?" என்று கட்டையைக் கோபித்துக்கொள்பவர்கள் இந்தக் கணக்கை நினைத்து ஆறுதல் கொள்ளலாம்.

தாயம் விழுந்து காய் இறங்கிய பிறகுதான் மூளைக்கு வேலை. முன்னே ஓடும் காயை ஓட்டுவதா, பின்னே தவிக்கும் காயைக் காப்பாற்றுவதா? எதிரியை வெட்டுவதா, மலையில் ஏறிப் பத்திரமாக உட்காருவதா? துணிச்சல்காரர் வெட்டுவார், பயந்தவர் மலையேறுவார். ஒருவருடைய குணத்தை அறிய ஜாதகம் பார்ப்பதைவிட அவரோடு இரண்டு ஆட்டம் தாயம் ஆடுவது மேல்.

இதன் உறவினரான பச்சீஸி வடநாட்டில் புகழ் பெற்றது. ஃபதேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் கல்லில் அமைத்த பெரிய கட்டத்தை இன்றும் காணலாம். அக்பர் பாதுஷா அங்கே பணிப்பெண்களையே காய்களாக நிறுத்தி ஆடினார் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. 1896-ல் அதே பச்சீஸி இங்கிலாந்தில் 'லூடோ' என்று பெயர் சூடிக்கொண்டது. பிற்பாடு அது வண்ண அட்டையில் அச்சாகி நம் கடைகளுக்கே திரும்பி வந்தது. பாட்டி வீட்டுத் தாயக்கட்டை பரணில் கிடக்க, அதன் பேரனை நாம் காசு கொடுத்து வாங்கினோம்!

பல்லாங்குழி

பல்லாங்குழியில் உருட்டுவதற்குக் கட்டையில்லை. ஆகவே அதிர்ஷ்டத்தைக் குறை கூறவும் வழியில்லை. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்தாக எழுபது புளியங்கொட்டை அல்லது சோழி. ஒரு குழியை அள்ளி, அடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் காலியானால் வெறுங்கைதான். நடுவே எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்துவிட்டால் அது 'பசு'. பசு யார் பக்கத்தில் நிற்கிறதோ அவர் அதை ஓட்டிக்கொண்டு போகலாம்.

சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் எந்தக் குழியில் எடுத்தால் கடைசிக் காய் எங்கே போய் விழும் என்று எடுப்பதற்கு முன்பே மனத்தில் பார்த்துவிட வேண்டுமே, அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். பள்ளிக்கூட வாசலை மிதிக்க இடங்கொடுக்கப்படாத பாட்டிமார்கள், குழிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூன்று சுற்றுக்கு அப்பால் விளையப் போவதைக் கண்டு சிரிப்பார்கள். கையில் சிலேட்டு இல்லை. வாயில் வாய்பாடு இல்லை. கணக்கு அவர்கள் விரல் நுனியில் இருந்தது. கல்யாணச் சீரோடு பல்லாங்குழிப் பலகையையும் வைத்து அனுப்பிய குடும்பங்கள் உண்டு. புக்ககத்திலே பேச்சுத் துணைக்கு ஆளில்லாத பெண்ணுக்கு அந்தப் பலகை ஒரு தோழியாக இருந்திருக்கும்.

இந்த ஆட்டத்தில் நமக்கு மிகவும் பிடித்த அம்சம் மறு ஆட்டந்தான். தோற்றவர் தம் கையிலுள்ள காய்களைக் குழிக்கு ஐந்தாக நிரப்புகிறார். இருபத்திரண்டு காய்தான் இருந்தால் நான்கு குழி நிரம்பும்; மிச்சக் குழிகள் அந்த ஆட்டத்தில் சேர்வதில்லை. அந்த நான்கு குழியைக் கொண்டே அவர் மறுபடி தலையெடுக்கலாம். சில சமயம் எடுத்தும் விடுகிறார்! முழுவதும் இழந்தாலொழிய இழப்பு முடிவல்ல என்று சொல்லும் ஆட்டம் இது.

அரபு மொழியில் 'நகர்த்துவது' என்ற பொருள் கொண்ட 'மங்கலா' என்ற பெயரால் இக்குடும்பத்து ஆட்டங்களை அறிஞர்கள் அழைக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் 'ஓவாரே', கிழக்கு ஆப்பிரிக்காவில் 'பாவோ', மலேயாவில் 'சோங்காக்', சிங்களவரிடையே 'ஒலிந்த கெளிய' என்று இதற்குப் பல உறவினர்கள். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாத எத்தனையோ ஜனங்கள், குழியில் காய் இடும் ஓசையை மட்டும் பொதுவாக அறிந்திருக்கிறார்கள்.

ஆடுபுலி

கோயில் மண்டபத் தளங்களிலும் சாவடித் திண்ணைகளிலும் முக்கோணமும் குறுக்குக் கோடுகளுமாகச் செதுக்கியிருப்பதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். யாரோ விளையாட்டாகக் கிறுக்கியது என்று எண்ணிக் கடந்துபோக வேண்டாம். அதுதான் ஆடுபுலி. புள்ளிகள் 23, புலி 3, ஆடு 15.

மற்ற ஆட்டங்களில் இரு கட்சிக்கும் பலம் சமம். இங்கே அப்படியல்ல. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்துக் கொல்லும். ஆட்டால் புலியை ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு ஓடக்கூடத் தெரியாது: பதினைந்து ஆடும் ஒவ்வொன்றாக இறங்கி முடியும் வரையில், வைத்த ஆடு வைத்த இடத்திலேயே நிற்க வேண்டும். இவ்வளவு பலஹீனமான பிராணி புலியை ஜயிப்பது எப்படி? வழி ஒன்றே ஒன்று. ஆட்டின் முதுகுக்குப் பின்னால் காலியிடம் இருந்தால்தான் புலி தாண்ட முடியும். அந்த இடத்தில் இன்னோர் ஆடு நின்றுவிட்டால் புலிக்கு வாய் இருந்தும் பயனில்லை. ஒன்றன் பின் ஒன்றாக நின்று, புலியை நகர விடாமல் அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு ஜயம். முன்னே நிற்கும் ஆட்டின் உயிர் அதன் வீரத்தில் இல்லை. பின்னே நிற்கும் ஆட்டின் நிலையில் இருக்கிறது. இதற்கு மேல் வியாக்கியானம் தேவையில்லை.

இந்த ஆட்டத்துக்கு ஆகும் செலவு ஒரு கரித்துண்டும் பதினெட்டுக் கூழாங்கல்லுமே என்பதையும் குறிப்பிட வேண்டும்.

சதுரங்கம்

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நான்கு அங்கம் கொண்ட சேனைக்குச் சதுரங்கம் என்று பெயர். இந்தியாவில் தோன்றிய இவ்வாட்டம் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் பாரசீகம் சென்று 'சத்ரங்' ஆயிற்று; அரபு நாட்டில் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று; பிறகு ஐரோப்பா முழுவதும் பரவியது. பழைய ஆட்டத்தில் மந்திரி கோணலாக ஒரே கட்டம் நகரும் எளியவர். 15-ம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் அவரை ராணியாக்கி, பலகை முழுவதும் பாயும் அதிகாரத்தையும் கொடுத்தார்கள். ஆட்டத்தின் வேகம் அன்றிலிருந்து பன்மடங்காயிற்று.

சதுரங்கத்தில் அதிர்ஷ்டம் என்பதே இல்லை. மறைத்து வைப்பதற்கும் ஒன்றுமில்லை. எதிரியின் சேனை முழுவதும் கண்ணெதிரே நிற்கிறது. தோற்றால், "நான்தான் தோற்றேன்" என்று ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழி கிடையாது. ஆகையால் ஐந்து ஆட்டங்களிலும் தோல்வி மிகவும் கசப்பது இதில்தான். வெற்றி மிகவும் இனிப்பதும் இதில்தான்.

1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் என்ற பட்டத்தைப் பெற்ற மானுவல் ஆரோன் தமிழர். 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரானவரும், பின்னர் உலகச் சாம்பியன் பட்டத்தை ஐந்து முறை வென்றவருமான விசுவநாதன் ஆனந்தும் தமிழரே. 2022-ல் சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடைபெற்றது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த குகேஷ் தமது பதினெட்டாவது வயதில் உலகச் சாம்பியனானார். இவ்வளவு பெருமைக்கும் நடுவில் ஒரு சிறு விஷயத்தை நாம் மறக்கலாகாது. ஆனந்த் தமது ஆறாவது வயதில் காய் நகர்த்தக் கற்றுக்கொண்டது தம் தாயாரிடம். உலகப் பட்டத்துக்குப் போகும் பாதை வீட்டுக்கூடத்திலிருந்து புறப்பட்டது.

இன்பம் எங்கே இருக்கிறது?

இப்பொழுது ஐந்தையும் வரிசையாக நினைத்துப் பாருங்கள். பரமபதத்தில் அதிர்ஷ்டமே எல்லாம்; தாயத்தில் பாதி; பல்லாங்குழியில் கணக்கு; ஆடுபுலியில் யுக்தி; சதுரங்கத்தில் முழு அறிவு. குழந்தையின் வயது ஏறுவதற்கு ஏற்றபடி படி அமைத்ததுபோல இல்லையா?

குழந்தைகளோடு ஆடும்போது வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்கலாமா என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். கூடாது என்பதே நமது அபிப்பிராயம். குழந்தை அதை உடனே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்த கணத்திலேயே ஜயத்தின் ருசி போய்விடும். தோற்றுக் கொடுக்க அவசியமும் இல்லை. ஐந்து வயதுக் குழந்தையோடு பரமபதம் ஆடுங்கள். நீங்கள் உண்மையாகவே தோற்பீர்கள். எட்டு வயதில் தாயம் ஆடுங்கள். பாதி ஆட்டம் தோற்பீர்கள். அதிர்ஷ்டம் என்பது எளியவருக்கு ஆட்டம் கொடுக்கும் சலுகை. மெள்ள மெள்ளப் பிள்ளைக்குச் சலுகை வேண்டாத வயது வரும். அன்று சதுரங்கப் பலகைக்கு முன் உட்கார்ந்து அவன் உங்களை நேருக்கு நேர் ஜயிப்பான். அன்று நீங்கள் தோற்பதில் உள்ள இன்பத்தைப் பெற்றவர்களே அறிவார்கள்.

வீட்டில் மற்ற நேரமெல்லாம் பெரியவர் பெரியவர்தான், சிறியவர் சிறியவர்தான். மாமியார் சொல்லுக்கு மறுசொல் இல்லை; தகப்பனார் வார்த்தைக்கு எதிர்வார்த்தை இல்லை. பலகையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டாலோ, மாமியார் காயை மருமகள் தாராளமாக வெட்டலாம்! சட்டம் ஒன்றே, அது எல்லோருக்கும் மேலே இருக்கிறது. அதைக் காப்பதற்குப் போலீஸும் இல்லை, நியாயஸ்தலமும் இல்லை. ஆடுகிறவர்கள் தாங்களே ஒப்புக்கொண்டு, தாங்களே கட்டுப்படுகிறார்கள்.

நமது வகுப்பில் மழை நாள் ஒன்றில் பிள்ளைகள் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். தோற்கும் தறுவாயில் ஒரு பையன் காய்களைக் கலைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். நாம் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளும் சண்டையிடவில்லை. "அழுகுணி" என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு அவனைக் கூப்பிடாமல் இருந்தார்கள். மூன்றாம் நாள் அவனே வந்து, "இனிமேல் கலைக்கமாட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்தான். அன்றும் தோற்றான், ஆனால் கடைசிக் காய் பழுக்கும் வரையில் எழுந்திருக்கவில்லை. நாம் நீதிபோதனை வகுப்பு நடத்திச் சாதிக்க முடியாததை அந்தப் பிள்ளைகள் ஒரு சொல்லால் சாதித்தார்கள்.

பந்தயம் வேண்டாம்

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்திலேயே சூதாடியின் புலம்பல் இருக்கிறது. பாரதக் கதை பகடையில் திரும்புகிறது. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார். பெரியோர்கள் இவ்வளவு தூரம் கண்டித்தது ஆட்டத்தையல்ல, பந்தயத்தையே. தோல்வியால் ஒன்றும் குறையாது என்பதால்தான் ஆட்டத்தில் தோற்கத் துணிகிறோம். அங்கே காசை வைத்த உடனே அந்தச் சுதந்தரம் பறிபோகிறது. எதிரே இருப்பவர் சிநேகிதர் என்பது மறந்துபோகிறது. இந்நாளில் கைப்பேசியிலேயே பணம் கட்டி ஆடும் வசதி வந்து, எத்தனையோ குடும்பங்களைக் கண்ணீரில் ஆழ்த்தியது. சகுனி திண்ணைக்கு வரவேண்டிய அவசியம்கூட இல்லாமற்போயிற்று.

பணம் கட்டாமல் ஆடினாலும், கைப்பேசித் தாயத்தில் ஒரு குறை உண்டு. கட்டை உருள்கிறது, காய் நகர்கிறது, வெட்டும் நடக்கிறது. ஆனால் வெட்டுப்பட்டவர் முகத்தைக் காணோம்! "ஐயோ!" என்று தலையில் கை வைப்பவர் இல்லை, "இரு, இரு, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று கறுவுபவர் இல்லை, நடுவே எழுந்து போய் முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைப்பவர் இல்லை. ஆட்டத்தின் இன்பத்தில் பெரும்பகுதி எதிரே உட்கார்ந்திருப்பவரிடமிருந்தே வருகிறது. தூரதேசத்தில் இருக்கும் பிள்ளையோடு ஆடுவதற்குக் கைப்பேசி உதவட்டும், அது நல்லதே. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் ஆளுக்கொரு மூலையில் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் பரிதாபம்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். பரணில் ஏறித் தேடிப் பாருங்கள். பல்லாங்குழியோ தாயக்கட்டையோ அகப்படலாம். அகப்படாவிட்டால் ஒரு சுண்ணாம்புக் கட்டியும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் போதும். வீட்டில் வயதானவர் இருந்தால் சட்டங்களை அவரிடமே கேளுங்கள். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு அவை மாறும். அச்சில் ஏறாத சட்டங்கள் எத்தனையோ அவர்கள் நினைவில் மட்டும் இருக்கின்றன. கேட்காமல் விட்டால் அவர்களோடு அவையும் போய்விடும். கேட்டதைக் குழந்தைகளைக் கொண்டு ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும், சரிதானா என்று பார்ப்பதற்காகவாவது அவரோடு உட்கார்ந்து ஓர் ஆட்டம் போடச் சொல்லுங்கள்.